தொப்பி ஐயா எழும்பி நின்ற சொல்

கதிரையில் உட்கார்ந்தபடி ஒரு தேநீரைக் குடித்து முடிக்கத் தெரியாத ஒரே மனிதர் ஜெர்மனியிலேயே எங்கள் தொப்பி ஐயாதான். யூத சமய அறிஞர். யூதரும் கிறிஸ்தவரும் ஒன்றாக இருந்து பேசவேண்டும் என்று ஆயுள் முழுக்க எழுதியவர்; தான் மட்டும் ஓரிடத்தில் இருக்கமாட்டார். மேலங்கியில் ஆறு பொத்தான்கள், பூட்டியவை எப்போதும் இரண்டு. பீலெஃபெல்ட் ட்ராம் தரிப்பில் ஒரு பாதிரியாரோடு வாதாடி நாலு ட்ராம்களைப் போகவிட்டார். ஐந்தாவதில் பாதிரியார் பாய்ந்து ஏறித் தப்பப் பார்த்தார். ஐயாவும் பின்னால் ஏறினார். அது அவர் போகவேண்டிய திசையே இல்லை.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் அகதி விடுதியில் இருந்தோம். அறைக்கு ஐந்து பேர், கதிரைகள் மூன்று. இந்துக்களைப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் வந்து நின்றார். நான் யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார். ஆங்கிலத்தில் பேசி, ஒருவாறு அவரைக் கதிரையில் இருத்தினேன்.

குசினியில் நின்ற அறைத்தோழன் சிவத்தைக் கூப்பிட்டேன்.

"தேத்தண்ணி போடுறியோ?"

"ஓம் அண்ணை!"

ஐயா எழும்பி நின்றார்.

"சீனி கிடக்கோ?"

"ஓம், ஓம்!"

இருக்கப் போனவர் மறுபடி நிமிர்ந்தார்.

"பால்?"

"ஓமெண்டுறன், சும்மா இருங்கோவன்!"

ஐயாவின் கண் கலங்கிவிட்டது. "எத்தனையோ மதகுருமாரைக் கண்டிருக்கிறேன். சீனிக்கும் பாலுக்கும் கடவுளை அழைப்பவர்களை இன்றுதான் காண்கிறேன்."

அவர் போனதும் சிவம் விழுந்து விழுந்து சிரித்தான். "விடுங்கோ அண்ணை. எங்களைப் பக்தர் எண்டு நம்புற ஒராளாவது இந்த ஊரில இருக்கட்டும்."

எனக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த முறை வந்தபோது, எங்கள் பேச்சில் 'ஓம்' வெறும் 'ஆம்'தான் என்று சொல்லிவிட்டேன். மேசையைச் சுற்றி நடந்தார். "அப்படியானால் எங்கள் ஆமென் மாதிரி!" என்றார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு 'ஓம்' கேட்டும் எழும்பினார். ஒரு மனிதன் மனதார ஆம் என்பது சின்ன விஷயமா என்று என்னையே மடக்கினார்.

இளவயதில் இதே நாட்டிலிருந்து அகதியாக ஓடியவர். பெற்றோரால் ஓட முடியவில்லை. பிறகேன் திரும்பி வந்தீர்கள் என்றேன். "இவர்களோடு யாராவது பேசவேண்டுமே" என்றார், ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்தபடி.

சிவத்தின் அகதிக் கேஸ் விசாரணைக்கு வந்தது. தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். துணைக்கு ஐயாவும் நானும் போனோம். மொழிபெயர்க்க வந்தவர் மெட்ராஸ் மாணவர். முதல் வேலை, எங்கள் பேச்சு பழக்கமில்லை.

"திரும்பிப் போனால் உன் உயிருக்கு ஆபத்தா?" என்று அதிகாரி கேட்டார்.

சிவம் தலை குனிந்து, "ஓம்" என்றான்.

மாணவர் என் பக்கம் குனிந்தார். "சார், ரொம்ப எமோஷனலா இருக்கார், ப்ரே பண்றார்." அதையே ஜெர்மன் மொழியிலும் சொன்னார். அதிகாரி பேனாவை எடுத்தார்.

கதிரை விழுந்த சத்தம். ஐயா நின்றார், தொப்பி கோணலாக. "அது பிரார்த்தனை இல்லை! ஆம் என்கிறார்! அந்தச் சொல்லுக்கு எத்தனை தரம் எழும்பி நின்றவன் நான், எனக்குத் தெரியாதா?"

அதிகாரி கேள்வியைத் திரும்பக் கேட்டார். சிவம் இம்முறை ஜெர்மனிலேயே, "யா" என்றான். பேனா அதைத்தான் எழுதியது.

ஐயா போய்ச் சேர்ந்து கனகாலம். சிவம் எசன் நகரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். தொலைபேசியில் "சாப்பிட்டியோ?" என்று கேட்பேன். "ஓம் அண்ணை" என்பான். எனக்கு முழங்கால் இரண்டும் நோகும். என்றாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிடுகிறேன்.