வேலூர் சம்பந்தமும் டிகிரி அண்ணனின் வெயிலும்

சூரியன் மதுரைக்காகத்தான் உதிக்கிறது, மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் ஓசியில் காய்கிறார்கள் என்று மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் அவனியாபுரம் தெருவின் டிகிரி அண்ணன்தான். பெயரைக் கேட்டுப் படித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பேசுகிற டிகிரி எல்லாம் வெயில் டிகிரி.

தொழில் என்னவோ ஏ.சி. மெக்கானிக். பங்குனி பிறந்துவிட்டால் அவருடைய போன் ஓயாது. ஊருக்கெல்லாம் குளிர் ஏற்றிவிட்டு வருகிறவர் வீட்டில் ஏ.சி. கிடையாது. வைத்தால் ஊருக்கு மரியாதைக் குறைவாம். ஒருமுறை எங்கள் வீட்டு ஏ.சி.யைப் பார்க்க வந்தவர், நான் அதை இருபதில் வைத்திருப்பதைக் கண்டதும் மெஷினை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார்.

"மதுரையில பொறந்துட்டு இம்புட்டுக் குளிரு கேக்குதாக்கும்" என்றார். ரிப்பேர் முடிந்த பிறகும் ரிமோட்டை என்னிடம் கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை.

கோடையில் எந்தெந்த ஊரில் வெயில் சதமடித்தது என்று மாலைச் செய்தியில் பட்டியல் போடுவார்கள் அல்லவா, அதற்காகத்தான் அவர் டி.வி.யே வாங்கினார். பட்டியலில் மதுரைக்கு இரண்டு வரி வரும். ஒன்று மதுரை நகரம், இன்னொன்று மதுரை விமான நிலையம். விமான நிலையம் எங்கள் பக்கம் என்பதால் அதைப் பெற்ற பிள்ளையைப்போல் பாவித்தார். அது நூறைத் தாண்டினால் தெருவில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் டீ. வேலூரோ கரூரோ முந்திவிட்டால், "அங்கிட்டு தெர்மாமீட்டர அடுப்பு மேல வச்சிருப்பாய்ங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிடுவார். செல்சியஸ் கணக்கு அவருக்கு ஆகவே ஆகாது. நாற்பது என்பது ஏதோ தட்டுத்தடுமாறிப் பாஸ் செய்த மார்க் மாதிரி இருக்கிறதாம். நூற்றுநான்கு என்று சொன்னால்தான் வாய் நிறைகிறதாம்.

சோழவந்தானில் அவருடைய மைத்துனருக்கு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. ஒரு சித்திரை மாதம் என்னையும் அங்கே கூட்டிப்போனார். உள்ளே நுழைந்ததும் குளுகுளுவென்று இருந்தது. நான் ஆகா என்று உட்கார்ந்தேன். அண்ணன் உட்காரவே இல்லை. இந்த இடத்தை நம் மாவட்டத்தில் சேர்த்தது யார் என்று விசாரித்துவிட்டு, வெளியே வரப்பில் போய் வெயிலில் நின்றுகொண்டார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு வேலூரில் இருந்து சம்பந்தம் வந்தது.

அவருடைய ஒரே மகள் சுகன்யா சென்னையில் படித்தபோது கூடப் படித்த பையன். வேலூரில் வேலை, சொந்த வீடு, நல்ல குடும்பம். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. சாதகம்கூடப் பொருந்திவிட்டது. அண்ணனுக்குப் பொருந்தாமல் இருந்தது ஊர் மட்டும்தான். மகள் முகத்துக்காக வாயைத் திறக்காமல் இருந்தார்.

பையனுடைய அப்பா அங்கே பாத்திரக்கடை வைத்திருப்பவர். முதன்முதலில் போனில் பேசியபோது, மதுரையில் வெயில் எப்படி என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார். கேட்டவர் பதிலுக்குக் காத்திருந்திருக்கலாம். எங்கள் வேலூர் வெயிலில் நின்றால் கருகிவிடுவோம் என்று தொடர்ந்து பெருமை பேசியிருக்கிறார். அண்ணன் முகம் சிவந்து, "நேர்ல வந்து பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பெண் பார்க்க வரும்படி அழைப்பு விடுக்கப்பட்டது இவ்விதமாகத்தான்.

அண்ணன் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, காலண்டரைப் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார். அண்ணன் அதை அடித்துவிட்டு வானிலை அறிக்கையைப் பார்த்து நாள் குறித்தார். அடுத்த சில தினங்களுக்கு உள் தமிழகத்தில் வெப்பநிலை இயல்பைவிட இரண்டு முதல் மூன்று டிகிரி கூடும் என்று டி.வி.யில் சொன்னார்கள். அது போதும் என்று அணைத்துவிட்டார். அறிக்கையை அதற்குமேல் அவர் எப்போதுமே கேட்டதில்லை. ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும் என்று கடைசியில் ஒரு வரி வரும், அதை மட்டும் அன்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பையனும் அவன் அப்பா அம்மாவும் வந்தார்கள். அவர்களை அண்ணன் கீழே ஹாலில் உட்கார வைக்கவில்லை. மொட்டை மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட அறைக்கு ஏற்றிவிட்டார். உச்சி வெயில். அக்கம்பக்கத்து ஆள் என்ற முறையில் நானும் உள்ளே வெந்துகொண்டிருந்தேன். பையனின் அப்பா, அந்த வேலூர்க்காரர், சாமானியப்பட்டவர் இல்லை. முழுக்கைச் சட்டையின் பொத்தானைக்கூடக் கழற்றாமல், மதினி நீட்டிய மோரை வேண்டாம் என்று சொல்லிச் சூடாக டீ கேட்டார். அண்ணன் விடுவாரா, தனக்கும் ஒரு டீ சொன்னார். ரெண்டு பேரும் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்தபடி ஊதி ஊதிக் குடித்தார்கள். முதலில் யாருக்கு வியர்க்கிறது என்பதில் வந்து நின்றது கல்யாணப் பேச்சு.

அந்த நேரத்தில்தான் திருப்பரங்குன்றம் பக்கமிருந்து கருப்பாக ஏறி வந்தது மேகம். காற்று வீசியது, இடி இடித்தது, கரண்ட் போனது. ஷீட்டின்மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. வேலூர்க்காரர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நனைத்துப் பார்த்தார்.

"என்னாங்க இது, உங்க ஊரு ஊட்டி மாதிரி இருக்குது?"

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். தண்ணீர்த் தொட்டி ஓரமாக மழையில் நனைந்துகொண்டு நின்றார். நம் ஊரை ஊட்டி என்று சொன்ன வீட்டில் பெண் கொடுக்க முடியாது, பேச்சை முடித்து அனுப்பிவிடுவோம் என்றார். உள்ளேயோ, பெண்ணின் அப்பா பாதியில் எழுந்து போன அவமானத்தில் வேலூர்க்காரர் பையைக் கையில் எடுத்துவிட்டார். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

சுகன்யா குடைகூட இல்லாமல் வந்து அப்பாவின் எதிரே நின்றாள். கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்றாள். பிறகு, "வெயிலு நாளைக்கும் வரும்ப்பா. இவங்க போனா வர மாட்டாங்க" என்றாள்.

அண்ணன் தோளில் கிடந்த துண்டைப் பிழிந்து, அவள் தலையைத் துவட்டிவிட்டு, உள்ளே போனார். சொட்டச் சொட்ட நின்று கையைக் கூப்பினார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. வெயிலுன்னா வேலூருதான்."

மதினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அதான் எனக்குப் பயமா இருக்கு" என்று தொடர்ந்தார் அண்ணன். "அம்புட்டு வெயில எம்புள்ள தாங்க மாட்டா. கொஞ்சம் பாத்துக்கங்க."

வேலூர்க்காரர் பையைக் கீழே வைத்தார். அண்ணனின் ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவ்ளோல்லாம் இல்லீங்க. சாயங்காலம் ஆனா எங்க ஊர்லயும் நல்லா காத்து வரும். நீங்க கவலப்படாதீங்க."

அவர் மனைவி அவரை ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அந்த அம்மாள் கேட்டதே இல்லை போலிருக்கிறது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மகளுக்காக நகை போட்டவர்களை, நிலம் எழுதி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரின் வெயிலையே தூக்கிக் கொடுத்த மனிதர் எங்கள் தெருவில் மட்டும்தான் இருக்கிறார். அவர் வீட்டுக்கு அடுத்த வீடுதான் என்னுடையது என்பதை, கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.