பிள்ளைக்குப் பேப்பர் எடுக்கும் அப்பா

பிள்ளைக்குப் பேப்பர் எடுக்கும் அப்பா என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க நியாயமில்லை. கனடாவின் மொன்றியலில் நல்ல மாதிரி ஒன்று வேண்டுமானால், கர்க்லாண்ட் புறநகரில் இருக்கும் அருமைராசாவைக் காட்டலாம்.

2008இல், பதினொரு வயது மகள் ஜென்சிக்காக, சிறுவர்களுக்கான பிரெஞ்சு வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அவர் சந்தா கட்டினார். வெள்ளிக்கிழமை தபாலில் அது வந்ததும், எடுத்து, நீவி, மணந்து பார்த்து, "கொம்பியூட்டர் கண்ணைக் கெடுக்கும் பிள்ளை, கடதாசியில வாசிச்சாத்தான் மூளையில நிக்கும்" என்று ஒரு பிரசங்கமும் வைத்து மகளிடம் கொடுத்துவிட்டு, நேரே போய்க் கணினியைத் திறந்து, ஊர்ச் செய்தியில் தொடங்கி உலகச் செய்திவரை படுக்கும்வரைக்கும் வாசிப்பார். பத்திரிகையை அவர் விரித்ததேயில்லை. ஏன் விரிக்க வேண்டும்? பிள்ளைக்கல்லவா எடுத்தது! தவிர, 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டையும் தாண்டி அவருக்குப் பிரெஞ்சு ஓடாது.

ஒரு வெள்ளி ஜென்சி துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, என்ர கடிதம் பேப்பரில வந்திருக்கு!"

அருமைராசாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. என்ன எழுதினாய் என்று கேட்கவும் தோன்றவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்தார்.

"அப்பா, இஞ்ச வேண்டாம்" என்று சட்டையை இழுத்தாள் ஜென்சி.

"வெக்கப்படாதை பிள்ளை. யோசெப் அண்ணை, உங்களுக்குத்தானே பிரெஞ்சு தண்ணிபட்ட பாடு. எல்லாருக்கும் கேக்கத் தமிழில சொல்லுங்கோ."

யோசெப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கச் சொன்னார்:

"'ஆசிரியருக்கு, என்ர அப்பா என்னைக் கொம்பியூட்டர் தொட விடமாட்டார். தான் மட்டும் அதுக்குள்ளயே இருப்பார். உங்கட பேப்பரை நான் தனியத்தான் வாசிக்கிறன். அப்பாக்களுக்கும் ஒரு பக்கம் போடுவீங்களா?'"

மண்டபமே சிரித்தது. ஆகக் கூடச் சிரித்தவர் மனைவி றோசா. அருமைராசாவின் காதுமடல் சுட்டது. ஆனால் வீடு போகும் வழியெல்லாம் அவர் மனதில் நின்றது அந்தச் சிரிப்பல்ல. 'தனிய' என்ற ஒரு சொல்.

"கோவமா அப்பா?" என்று பின் இருக்கையிலிருந்து குரல் வந்தது.

"இல்லைப் பிள்ளை. வீட்ட போய் அந்தக் கடிதத்தை எனக்கு வாசிச்சுக் காட்டு. மெல்லமா, சொல்லுச் சொல்லா."

நான்கு வரிக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அவருடைய உச்சரிப்பைக் கேட்டு ஜென்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாள். அவர் விடவில்லை, அடுத்த பக்கத்தையும் திருப்பினார்.

ஆக, அருமைராசா ஒருவர் திருந்திவிட்டார். இனம் அழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இதை வாசித்து முடிக்கிற இந்த நேரத்தில், "நல்லாயிருக்கு, இந்தா, நீயும் வாசி" என்று பிள்ளையிடம் நீட்டிவிட்டு எழும்பப் பார்க்கிறீர்களே?

இருங்கள். உங்களைத்தான்.