எந்த ‘எடு’?

மாமனார் வீட்டில் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வருகிற மாப்பிள்ளைக்கு ஒரு கெடுதலும் வராது. கல்யாணமான புதிதில் எனக்கு இந்த ஞானம் இல்லை.

என் மனைவியின் தம்பி தினேஷுக்கு மர்பி டவுனில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற வேலை. எங்கள் கல்யாண வீடியோவும் அவன் கையில்தான். ஒவ்வொரு கிளிப்பாக வெட்டி அவன் அல்லாடுவதைப் பார்த்து, “எடிட்டிங் சாஃப்ட்வேர்லயே பைத்தான் எழுதலாம்டா. ரெண்டு பட்டன் பண்ணித் தர்றேன்” என்றேன். (பொம்மனஹள்ளியில் ஐ.டி. வேலை பார்க்கிற திமிர்.)

ஒரு சின்ன ஜன்னல், அதில் ‘எடு’, ‘விடு’ என்று இரண்டு பட்டன். ‘எடு’வை கிளிக் செய்தால் கிளிப்பைத் தூக்கிவிட வேண்டும், ‘விடு’ என்றால் இருக்கவிட வேண்டும். எந்த கிளிக்குக்கு எந்த ஃபங்ஷன் ஓட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். அந்த ப்ரோக்ராம் எல்லா கிளிக்கையும் ஞாபகம் வைத்துக்கொண்டு, கடைசியில் மொத்தமாக வெட்டி, வீடியோவைத் தயாராகக் கொடுத்துவிடும்.

“சக்கத்தா இருக்கு மாமா! ஒருவாட்டி ஓட்டிப் பாத்துரட்டா?”

“என் கோடுடா. பார்க்கவே வேணாம்.”

தினேஷ் கிளிப் கிளிப்பாக பட்டனை அழுத்தி முடித்தான். மாமனார் வீட்டு விருந்துக்கு வந்த மொத்த சொந்தமும் டிவி முன்னால் உட்கார்ந்தது. முதலில் செருப்புக் குவியல். பிறகு யாருடைய முழங்கையோ. சித்தப்பாவின் நீளமான கொட்டாவி. வாயெல்லாம் பாயசத்தோடு நான். வீடியோ முடிந்தேவிட்டது.

மாமனார் மெல்லத் திரும்பினார். “மாப்ளே, தாலி கட்டுனீங்களா இல்லியா?”

என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் தினேஷ் பக்கம் திரும்பினேன்.

“டேய், என்னத்தடா அழுத்துன?”

“வேணுங்கறதுக்கெல்லாம் ‘எடு’ மாமா. வேணாததுக்கு ‘விடு’.”

நான் அகற்றச் சொன்ன ‘எடு’வை, அவன் சேர்த்துக்கொள்ளச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறான். ‘விடு’வும் அப்படியே. பைத்தான் பாவம், நான் சொன்னதைச் செய்தது. நல்லவேளை, ஷூட் செய்த கிளிப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. லேப்டாப்பைத் திறந்து, இரண்டு பட்டனின் ஃபங்ஷனையும் இடம் மாற்றி மறுபடி ஓட்டினேன். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது டிவியில் தாலி ஏறியது. என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால், மானம் இன்னும் வரவில்லை. இன்றைக்கும் விருந்தில் மாமியார், “மாப்ளே, வடை எடுங்க” என்று வாஞ்சையாகச் சொல்வார். உடனே தினேஷ் என் முன்னாலிருந்து வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பான்.

“உங்க ‘எடு’ தானே மாமா?”