காருக்குக் கேட்டுவிடும்

கண்டி நகரத்தில் அந்தக் காலத்தில் எத்தனையோ கார்கள் ஓடின. ஆனால் காது கேட்கும் கார் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் உஷ் அண்ணனுடையது.

அண்ணனும் நானும் ஒரே புடவைக் கடையில் வேலை பார்த்தோம். அவர் சேலைப் பகுதி, நான் கணக்கு. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். மாதாமாதம் சம்பளப் பட்டியல் எழுதிய எனக்கே அது மறந்துவிட்டது. அவருடைய பழைய சாம்பல் நிறக் காரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறையாகச் சொன்னால் போதும், விரலை உதட்டில் வைத்து, "உஷ்! அவளுக்குக் கேக்கும்" என்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

கட்டுகஸ்தோட்டையில் அவருக்கு ஒரு மெக்கானிக் பாஸ் இருந்தார்; எங்கள் பக்கம் கைத்தொழில்காரர் எல்லாரும் பாஸ்தான். ஒரு நாள் பாஸ் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "மாத்தயா, இது கெழவியாப் போச்சு" என்றார். அண்ணன் பதறிப்போய் பொனட்டை மூடி, பாஸின் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்து, தேத்தண்ணிக் கடைக்குள் உட்கார வைத்து, "இப்பச் சொல்லுங்க, மெதுவா" என்றார். அதன் பிறகு அந்தக் காரைக் கண்டதும் பாஸ் வாயே திறக்காமல் தேத்தண்ணிக் கடைக்கு நடந்துவிடுவார். அதில் அவருக்கு நட்டம் ஒன்றுமில்லை, தேத்தண்ணி அண்ணன் கணக்கு.

இந்தக் காரில்தான் நான் மாப்பிள்ளையாகப் போனேன். பெண்வீடு நாவலப்பிட்டி. சொந்தக்காரர்கள் எல்லாரும் முன்னாலேயே ரயிலில் போய்விட்டார்கள். காரில் அண்ணனும், நானும், சீர்த் தட்டுகளோடு பின்னால் அம்மாவும்தான். மாமனாராகப் போகிறவர் நேரத்தில் மகா கறாரான மனுஷர். நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் கொஞ்சம் பிந்திப் போனதற்கே, "முகூர்த்தத்துக்கும் இப்படித்தான்னா, இப்பவே சொல்லிருங்க" என்று முகத்திலடித்த மாதிரிக் கேட்டவர். வண்டியில் ஏறியதிலிருந்து நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேராதனைப் பாலம் தாண்டியதும் அம்மா மூக்கை உறிஞ்சினார். "என்னமோ கருகுதே."

"யாரோ பலகாரம் சுடுறாங்கக்கா" என்றார் அண்ணன்.

கெலிஓயாவிலும் அதே வாசனை. "இங்கயும் பலகாரந்தான்" என்றார்.

கம்பளையில் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏன் தம்பி, பேராதனையில இருந்து கம்பளை வரைக்கும் எல்லா வீட்லயுமா எண்ணெய்ச்சட்டி அடுப்புல இருக்கு?"

அண்ணன் விரலை உதட்டுக்குக் கொண்டுபோவதற்குள் பொனட்டின் இடுக்கிலிருந்து புகை கிளம்பிவிட்டது.

ஒரு பலாமரத்தடியில் நிறுத்தினார். என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்க் காதோடு காதாக, "தம்பி, பின்னால போயி புகைக்குழாயப் பாருங்க. நீலப் புகை வந்தா எண்ணெய் எஞ்சினுக்குள்ளயே எரியுது, அது பெரிய வைத்தியம். வரலேன்னா வெளிய எங்கயோதான் ஒழுகுது" என்றார்.

பட்டு வேட்டி, தலைப்பாகை, கழுத்தில் மாலை. இந்தக் கோலத்தில் நான் காரின் பின்புறம் குனிந்து கும்பிடு போடுகிற மாதிரி நிற்கும்போதா ஹட்டன் பஸ் வர வேண்டும்? பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தது. நீலப் புகை வரவில்லை. மானம் போனாலும் எஞ்சின் பிழைத்தது.

அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பொனட்டைத் திறந்தார். எஞ்சினின் தலையில் இருக்கிற மூடிக்கு அடியில், எண்ணெய் கசியாமல் இருக்க, தக்கையில் ஒரு பெக்கின் வைத்திருப்பார்கள். அதில் ஒரு மூலை உதிர்ந்துபோய், அந்த வழியாக எண்ணெய் சொட்டுச் சொட்டாக, எஞ்சினை ஒட்டிக் கொதிக்கிற புகைக்குழாய் மேல் விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் சொன்ன பலகாரம் அங்கேதான் வெந்திருக்கிறது.

அம்மா வெடித்துவிட்டார். "இந்த ஓட்டை டப்பாவ நம்பி எம் புள்ள கல்யாணத்தக் கெடுத்துக்கிட்டேனே! பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியத வச்சுக்கிட்டு..."

நான் 'உஷ்'ஷுக்காகக் காத்திருந்தேன். அண்ணனின் விரல் பாதிவரை உயர்ந்தது. வியர்த்து வழிந்துகொண்டிருந்த என் முகத்தைப் பார்த்தார். விரல் இறங்கிவிட்டது.

"சொல்லுங்கக்கா" என்றார். "இன்னிக்கு என்ன வேணும்னாலும் சொல்லலாம்."

பிறகு நடந்ததெல்லாம் அறுவைச் சிகிச்சை. கல்யாணத்துக்கென்று வாங்கிய தன் புதுச் சால்வையை எடுத்து எண்ணெயைத் துடைத்தார். என் கல்யாணப் பத்திரிகை நல்ல கெட்டி அட்டை. அதில் ஒரு துண்டை அம்மாவின் பாக்குவெட்டியால் நறுக்கி, சீர்த் தட்டில் இருந்த சந்தன சோப்பை அதன் மேல் அப்பி, பெக்கினின் ஓட்டையில் செருகி, மூடியை இறுக்கினார். டிக்கியில் இருந்த போத்தல் எண்ணெயை ஊற்றினார். கார் கிளம்பியது. ஒழுகவில்லை.

பெண்வீட்டு வாசலில் மாமனார் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். அவர் காருக்குப் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சினார். சூட்டில் சந்தன சோப் கமகமவென்று மணந்தது.

"பரவாயில்லையே, காருக்குக்கூட சந்தனம் பூசிக் கொண்டாந்திருக்கீங்க!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. நேரத்தைப் பற்றிக் கேட்கவே மறந்துபோனார்.

தாலி கட்டி முடிந்ததும் அண்ணனைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். காருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு பொனட்டோடு பேசிக்கொண்டிருந்தார்.

"அக்கா ஒரு பதட்டத்துல சொல்லிட்டாங்க. மனசுல வச்சுக்காத, என்னா?"

திரும்பினால் பின்னால் அம்மா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். உள்ளே போய், சந்தனக் கிண்ணத்தோடு வந்து, பொனட்டில் ஒரு பொட்டு வைத்தார். "நீயும் நல்ல பொண்ணுதான்" என்றார்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எண்ணெய் பட்டுருச்சு" என்றார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. நானும் இரண்டு மூன்று கார் வைத்துப் பார்த்துவிட்டேன். கோளாறு என்றால் இன்றைக்கும் பாஸைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறேன். என் மனைவி சிரிக்கிறாள். காருக்குக் காது கேட்காது என்று எனக்குத் தெரியாதா என்ன? அண்ணனுக்குக் கேட்டுவிடுமோ என்றுதான்.