ஆகட்டும் மெக்கானிக்கும் இரண்டு செட் பிரேக்கும்

சிவப்பு வண்டி பட்டறை வாசலில் கிறீச்சென்று வந்து நின்றது. வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக்கின் கையிலிருந்து ஸ்பானர் நழுவி, அவர் மூக்கின் மேலேயே விழுந்தது. மூக்கைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்து பார்த்தார். இறங்கியது, போன வாரம் அந்த ஸ்போர்ட்ஸ் வண்டிக்குப் புது பிரேக் போட்டுக்கொண்டு போனவர் அல்ல. அவருடைய மனைவி. பின் சீட்டில் ஆறு மாத இரட்டைக் குழந்தைகள் இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு அழுதன.

“கேட்டீங்களாண்ணா? ஒவ்வொரு சிக்னல்லயும் இதே கூத்துதான்” என்றாள் அவள்.

விஷயம் இதுதான். அந்தக் குழந்தைகள் தொட்டிலில் தூங்காது, தோளில் தூங்காது. ஓடுகிற வண்டியில் மட்டும்தான் தூங்கும். புது பிரேக் வந்த நாளிலிருந்து வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் இரண்டும் விழித்துக்கொள்கின்றன. அதனால் பழையபடி சத்தமில்லாத பிரேக்கே வேண்டும் என்று கேட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை.

“அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணா. குழந்தைங்க பிறந்தப்புறம் மனுஷன் ஆசைப்பட்டுப் பண்ணின ஒரே காரியம் இதுதான். மனசு ஒடிஞ்சு போயிடுவார்.”

“ஆகட்டும்மா” என்றார் மெக்கானிக்.

இந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு வாழ்நாள் சத்துரு. யார் எதைக் கேட்டாலும் யோசனைக்கு முன்னால் ‘ஆகட்டும்’ வந்துவிடும். அந்தத் தெருவில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. ஆகட்டும் மெக்கானிக் என்றால்தான் தெரியும். சொன்னால் சொன்னதுதான் என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். ‘ஊருக்கெல்லாம் பிரேக் பார்க்கறீங்க, உங்க நாக்குக்கு ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா’ என்று அவர் மனைவி கல்யாணமான இரண்டாம் வாரமே கேட்டுவிட்டாள்.

சிக்கல் என்னவென்றால், போன வாரம் இந்த அம்மாளின் கணவரிடமும் அவர் ஓர் ‘ஆகட்டும்’ சொல்லியிருந்தார்.

அந்த மனிதர் கண்கள் சிவக்க வந்து, யாரும் பக்கத்தில் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, காதோடு காதாகப் பேசியிருந்தார். ஊருக்கு வெளியே இருக்கும் ரேஸ் டிராக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியை ஓட்டலாமாம். தானும் போகப் போகிறாராம். தெருவுக்கும் தாங்கணும், டிராக்குக்கும் தாங்கணும், அப்படி ஒரு பிரேக் வேண்டும். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் வேலை என்று சொல்லியிருப்பதால் விஷயம் வெளியே போகக் கூடாது. மெக்கானிக் அந்தச் சிவந்த கண்களைப் பார்த்தார். வேகத்துக்கு அலையும் கண்கள் என்று முடிவு செய்தார். முன்பக்கம் பெரிய டிஸ்க், சூட்டில் கொதிக்காத பிரேக் ஆயில், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்க ரேஸுக்குப் போடுகிற கெட்டியான பேட் என்று சகலமும் மாட்டி அனுப்பினார்.

கெட்டி பேடுக்கு ஒரு குணம் உண்டு. சூடேறினால்தான் அதற்குப் பிடிப்பு வரும். சூடேறாத வரைக்கும் சரியாகவும் பிடிக்காது, சும்மாவும் இருக்காது, கத்தும். சாதாரண வண்டிகளில் வருகிற சாது பேடுக்கு வேறு குணம். தெருவில் பரம சாதுவாக இருக்கும். டிராக்கில் நாலு சுற்று வேகமாக ஓட்டி அழுத்தினால் சூடு தாங்காமல் கையை விரித்துவிடும். அப்புறம் காலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி தன் இஷ்டத்துக்குத்தான் போகும்.

முதலில் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி பார்த்தார். கெட்டி பேடையே கழற்றி, ஓரங்களை ராவி, முதுகில் கிரீஸ் தடவி மாட்டி அனுப்பினார். மறுநாளே போன் வந்தது. கிறீச் போய்விட்டதாம். அதற்குப் பதிலாக விசில் வருகிறதாம். குழந்தைகள் அழுவது போதாதென்று இரண்டு தெரு நாய்கள் வண்டியின் பின்னாலேயே வீடு வரை வந்துவிட்டனவாம்.

வேறு வழியில்லை. சாது பேட் ஒரு செட்டை மாட்டிக் கொடுத்தார். அம்மாள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிப் போனாள். மெக்கானிக்கும் நிம்மதியாக ஒரு டீ குடித்தார். அந்த நிம்மதிக்கு ஆயுள் இரண்டு நாள்.

வெள்ளிக்கிழமை கணவர் வந்து நின்றார். முகமெல்லாம் பல்.

“அண்ணே, என்ன மாயம் பண்ணினீங்க? சத்தம் போயிடுச்சு, பிடிப்பு அப்படியே இருக்கு. நாளன்னைக்கு டிராக்குல ஒரு கை பார்த்துடறேன்.”

மெக்கானிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். சாது பேடோடு டிராக்குக்குப் போனால் முதல் பெரிய திருப்பத்திலேயே ஆள் சுவரில் இருப்பார். உண்மையைச் சொன்னால் அந்த அம்மாளுக்குக் கொடுத்த வாக்கு போச்சு. சொல்லாவிட்டால் ஓர் உயிர் போச்சு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது அடிக்கிறவன் ஒருத்தன்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். டிராக்குக்குப் போகிற வண்டியை முந்தின நாள் சாயங்காலம் கட்டாயம் செக் பண்ண வேண்டும், அதுதான் முறை என்று கணவரிடம் ஒரு போடு போட்டார். திங்கட்கிழமை காலையில் ஒரு தடவை காட்டிவிட்டால் வாரம் முழுக்கச் சத்தம் வராது என்று மனைவியிடம் இன்னொரு போடு. இருவருமே நம்பினார்கள். அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் கெட்டி பேட், திங்கட்கிழமை காலை சாது பேட். கணவர் வாசலில் போன் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு மாற்றல், மனைவி வாசலில் குழந்தைகளை ஆட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு மாற்றல். குனிந்து நிமிர்ந்து முதுகு கழன்றுவிட்டது. முட்டி இரண்டும் அந்த பேடைவிட அதிகமாகக் கத்தின.

“என்னங்க, மாட்டினதையே கழட்டறீங்க, கழட்டினதையே மாட்டறீங்க. நல்லாத்தானே இருக்கீங்க?” என்று அவர் மனைவி ஒரு நாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவளிடமும் சொல்ல முடியவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றால் யாரிடமும்தானே.

இதற்கு நடுவில் ஓர் அதிசயம். திங்கட்கிழமைகளில் கழற்றும் கெட்டி பேடை மெக்கானிக் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தேய்மானமே இல்லை. டிராக்கில் ஒரு நாள் ஓடினால் பேட் பாதியாகிவிடும் என்று கேள்விப்பட்டவர் அவர். இதுவோ பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. முதல் வாரம் சந்தேகப்பட்டார். இரண்டாம் வாரம் ஆச்சரியப்பட்டார். மூன்றாம் வாரம் அந்த மனிதர் மேல் பக்தியே வந்துவிட்டது. பிரேக்குக்கே வலிக்காமல் ஓட்டுகிறாரே, இப்படி ஒரு கை இந்தத் தொழிலில் முப்பது வருஷத்தில் பார்த்ததில்லையே என்று மற்ற வாடிக்கையாளர்களிடம் பெயர் சொல்லாமல் பெருமை பேசினார்.

நாலாவது சனிக்கிழமை சாயங்காலம், கெட்டி பேடைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டு மெக்கானிக் வாசலைப் பார்த்தபடி இருந்தார். ஐந்து மணி ஆயிற்று, ஆறு ஆயிற்று. சிவப்பு வண்டியைக் காணோம். பொறுக்க முடியாமல் போன் போட்டார். மறுமுனையில் இரண்டு குழந்தைகளின் அழுகைக்கு இடையில் கணவரின் குரல் எழும்பி எழும்பி அமுங்கியது.

“இன்னைக்கு முடியாதுண்ணே. வீட்டுல வண்டியை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனாங்க. மத்தியானம் போனவங்க இன்னும் வரலை. கடையில பயங்கரக் கூட்டமாம். செக்கெல்லாம் வேண்டாம், நான் நாளைக்கு அப்படியே டிராக்குக்குப் போயிடறேன்.”

மழை வரும்போல இருக்கிறதே என்று மெக்கானிக் இழுத்தார். வானம் பளிச்சென்று இருப்பதாகப் பதில் வந்தது. ஒரு வாரம் விட்டால் என்ன, வயசு இருக்கிறது, வண்டி எங்கே போய்விடப் போகிறது என்றார். அதற்குள் இரண்டாவது குழந்தை உச்சத்துக்குப் போக, போன் வைக்கப்பட்டுவிட்டது.

அன்றிரவு அவர் கண் மூடவில்லை. மூடினால் அந்தத் திருப்பமும் சுவரும் வந்தன. அதற்குப் பின்னால் ஒரே குரலில் அழும் இரண்டு குழந்தைகள் வந்தன. தன்னுடைய பாழும் வார்த்தையைக் காப்பாற்றுவதற்காக அந்தக் குழந்தைகளின் தகப்பனைப் பணயம் வைக்கிறோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. விடிந்ததும் போன் போட்டார், எடுக்கவில்லை. கெட்டி பேட் செட்டையும் ஸ்பானர்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். வாக்கு போனால் போகட்டும், ஆள் போகக் கூடாது. அந்த அம்மாள் கோபித்துக்கொண்டால் காலில் விழுந்துவிடலாம் என்று தீர்மானித்துக்கொண்டார்.

டிராக் முப்பது கிலோமீட்டர். ஸ்கூட்டருக்கு வயசு பதினெட்டு. மேட்டில் ஏறும்போது அவரே இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின்கள் காது கிழிய உறுமிக்கொண்டிருந்தன. அவர் கேட்டை நெருங்கவும், உள்ளே டயர்கள் நீளமாகத் தேய்கிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு ‘டமார்’. சுவருக்கு மேலே புழுதி எழுந்தது.

மெக்கானிக் ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டுக் கேட்டைப் பிடித்து உலுக்கினார். வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

“சிவப்பு வண்டி...” என்றார் மெக்கானிக்.

யாரோ டயர் அடுக்கில் போய் லேசாக இடித்திருப்பதாகவும், அது மஞ்சள் வண்டி என்றும், இது தினமும் நடப்பதுதான் என்றும் வாட்ச்மேன் சாவகாசமாகச் சொன்னார். பிறகு, சிவப்பு வண்டி என்றால் அதுவா என்று பின்பக்கம் கையைக் காட்டினார்.

பார்க்கிங்கின் கடைசியில் ஒரு பெரிய மரம். அதன் நிழலில் சிவப்பு வண்டி நின்றது. ஜன்னல் வழியாக இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மெக்கானிக் ஓடினார். முட்டி வலி எங்கே போனதென்று தெரியவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, யாரோ இங்கே கொண்டுவந்து கிடத்தியிருக்கிறார்கள் என்றே நினைத்தார். கிட்டே போய் அந்தக் காலைத் தொடப் போனபோது உள்ளேயிருந்து ஒரு குறட்டை வந்தது. சாதாரணக் குறட்டை இல்லை. உள்ளே ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்களுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. சீட்டை முழுக்கச் சாய்த்து, கண்ணுக்கு மேல் ஒரு குழந்தைத் துண்டைப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

“உஷ். எழுப்பிடாதீங்க. பன்னெண்டு மணிக்குத்தான் எழுப்பச் சொல்லியிருக்கார்” என்று பின்னாலேயே வந்த வாட்ச்மேன் தடுத்தார்.

“இவர் வண்டி ஓட்டலையா?”

“ஓட்டறதா? இவர் இந்தக் கேட்டைத் தாண்டி உள்ளயே போனதில்லையே.”

முதல் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தான் வந்தாராம். தன் முறை வரும் வரை இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று மரத்தடியில் வண்டியை நிறுத்தியவரை, டிராக் மூடின பிறகு வாட்ச்மேன்தான் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்ததாம். எழுந்தவர் இப்படித் தூங்கி ஆறு மாதம் ஆயிற்று என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து வாராவாரம் இதுதான். இத்தனை எஞ்சின் சத்தத்திலுமா என்று மெக்கானிக் கேட்டார். அழுகைச் சத்தத்தைத் தவிர வேறெது கேட்டாலும் அவருக்குத் தாலாட்டு மாதிரி இருக்கிறதாம்.

மெக்கானிக் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாலு வாரமாக நெஞ்சின் மேல் இருந்த பாரம் மொத்தமாக இறங்கியது. ஆள் இருக்கிறார், முழுசாக இருக்கிறார், குறட்டை விடுகிறார். அதைவிட என்ன வேண்டும்? முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கண்ணில் தண்ணீர் வந்தது. இனிமேல் சனிக்கிழமையும் இல்லை, திங்கட்கிழமையும் இல்லை, சாது பேட் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தபோது முதுகு வலியே பாதி குறைந்த மாதிரி இருந்தது.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு புறப்படும்போதுதான் இன்னொரு பயம் பிடித்தது. அந்த அம்மாள் அங்கே ஒற்றை ஆளாக இரட்டைக் குழந்தைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இந்த மனுஷன் இங்கே மரத்தடியில் சொகுசாகத் தூங்குகிறார் என்று தெரிந்தால் என்ன ஆகும்? மெக்கானிக் வாட்ச்மேனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, ஒரு உதவி. இவர் வீட்டுல இருந்து யாராவது விசாரிச்சா, தயவுசெஞ்சு இதைச் சொல்லிடாதீங்க.”

வாட்ச்மேன் குறட்டை வந்த பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தம்மாதானே? வண்டியில கிடந்த பார்க்கிங் ரசீதைப் பார்த்துட்டுப் போன ஞாயித்துக்கிழமையே ஆட்டோ பிடிச்சு வந்துட்டாங்க. இப்ப நீங்க நிக்கற இதே இடத்துல நின்னு ரொம்ப நேரம் இவரையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. பெரிய சண்டை வரப் போகுதுன்னு நான் ஒதுங்கிப் போய் நின்னேன். ஆனா அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: ‘இந்த மரத்தடி சனிக்கிழமை காலியா இருக்குமா?’”