பி பிளாக்கில் கண் திறப்பு தள்ளிப்போன விவரம்

தென்காசி,
ஆடி மாதம், சாரல் விடாத வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, கீழப்பாவூர் திரு. செல்லச்சாமி அவர்கள் சமூகத்திற்கு, தென்காசி பால்வண்ணநாதன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் வடிவம்மாளும் சௌக்கியம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மாளும், எல்லையில் காவல் நிற்கும் மாப்பிள்ளையும், ஒன்பதாம் மாதத்தில் இருக்கும் என் மகள் சங்கரேஸ்வரியும், தங்களுடைய முழங்கால் வலியும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

போனிலேயே பேசலாமே என்று நினைப்பீர்கள். பேசிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும், "சுவத்துல நிக்க பிள்ளைக்கு மொதல்ல கண்ணு தெறங்க, பொறவு பேசுவோம்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நான் தபால் இலாகாவிலேயே தலை நரைத்தவன். கடிதத்தைப் பாதியில் யாரும் வைத்துவிட முடியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். விஷயம் ஒன்றுதான். வளைகாப்பு முடிந்த கையோடு வந்திருக்க வேண்டிய பிள்ளை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நீங்களும் நானும் போட்ட சட்டம் இல்லை. பேறுகால மருந்துக்கு வடிவம்மாள் இடித்து வைத்த சுக்கு இந்தச் சாரலில் பூசணம் பிடித்துவிடும் போலிருக்கிறது. எங்கள் கட்டட வாசலில் பயப்படுகிற மாதிரி ஒன்றுமே இல்லை. அதைச் சொல்லத்தான் இக்கடிதம்.

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் நுழைகிற கூடம் ஒவ்வொன்றும் வெறும் வெள்ளைச் சுவராக இருந்தது. வருகிறவர்கள் ஸ்கேன் சென்டர் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் இப்போதுதான் தலையெடுக்கிற இளம் ஓவியர்களாகப் பார்த்து, பிளாக்குக்கு ஒரு சுவர் கொடுப்பது என்று சங்கத்தில் முடிவானது. ஏ பிளாக்கில் ஒரு தம்பி கம்பியை வளைத்து என்னவோ தொங்கவிட்டுப் போனான். யாரும் குறை சொல்லவில்லை, ஏனென்றால் யாருக்கும் புரியவில்லை. எங்கள் பி பிளாக் சுவர், கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு வந்திருக்கும் ஜெனி என்ற பெண்ணுக்குக் கிடைத்தது. அவளுக்கு இதுதான் முதல் வேலை. "சாமி படம் போட்டா யார் சாமின்னு சண்டை வரும் அங்கிள். குத்தாலம் மெயின் அருவியில நம்ம பிளாக் ஆளுகளே குளிக்க மாதிரி வரையுதேன்" என்றாள். கேட்டவுடன் எல்லோருக்கும் வாயெல்லாம் பல்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பிடுங்காத ஆள் கிடையாது. சங்கத் தலைவர் ஆதித்தன் அண்ணாச்சி, தலையில் முடியோடு வரையச் சொன்னார். "அருவியில நனைஞ்சா முடி படிஞ்சிதான அண்ணாச்சி தெரியும்" என்றதற்கு, "படியட்டும், ஆனா இருக்கணும்லா" என்றார். செல்போன் கடை உவைஸ், கையில் போனோடு நிற்க வேண்டும் என்றான். எல்லோரும் கேட்கும்போது நான் மட்டும் சும்மா இருப்பேனா? கட்டிக் கொடுத்தாலும் இந்த வீட்டுப் பிள்ளைதானே என்று சொல்லி, சங்கரேஸ்வரி மறுவீடு வந்தபோது மாப்பிள்ளை அருவிக்கரையில் எடுத்த போட்டோவைக் கொடுத்தேன். பச்சைச் சேலை, ஈரத்தலை. ஜெனி அதைப் பார்த்துப் பெண்கள் பக்கத்தில் ஓரமாக வரைந்தாள். எவ்வளவு தத்ரூபம் என்றால், கீழே போகும்போதெல்லாம் வடிவம்மாள், "தலையத் துவட்டு தாயி, சளி பிடிச்சிரும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் காய் வாங்கப் போவாள்.

எல்லாம் முடிந்து கண்கள் மட்டும் பாக்கி. கண்ணைக் கடைசியாக எழுதுவதுதான் அந்தப் பெண்ணின் வழக்கமாம். அவள் தூரிகையை எடுத்த சமயத்தில் ஆதித்தன் அண்ணாச்சி வந்து கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்துவிட்டார். "ஏட்டி, ஒத்தச் செலைக்கே நாள் பாத்துதான் கண்ணு தெறக்கோம். இத்தன பேருக்கு ஆடி மாசத்துலயா தெறக்கது?" ஜெனி, "அண்ணாச்சி, இது சாமி இல்ல, பி பிளாக் ஆளுக" என்று எவ்வளவோ சொன்னாள். கேட்பாரா? ஆவணி பிறந்ததும் நாள் பார்ப்பது என்று தீர்மானம் போட்டு, அதுவரைக்கும், கண் திறக்காத சிலைக்குக் கட்டுகிற மாதிரி, சுவர் முழுக்க மஞ்சள் துணியைக் கட்டிவிட்டார்கள். துணியைக் கட்டினார்களோ இல்லையோ, கூடத்துக்குள் செருப்புப் போட்டு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். ஒருத்தி பூ வைத்தாள். அடுத்தவள் சூடம் கொளுத்தினாள். குற்றாலத்துக்கு வந்த மதுரைக்காரர்கள் வழி தவறி உள்ளே வந்து, தீபாராதனை எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள்.

தாங்கள் பலகாரத் தூக்கோடு வந்ததும் அந்தச் சமயத்தில்தான். மின்விசிறிக் காற்றில் துணி விலகி, கண் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று தோல் மட்டும் இருக்கும் முகங்கள் வரிசையாகத் தெரிந்தன. அதில் தங்கள் மருமகள் முகமும் ஒன்று. லிப்டுக்குக்கூட வராமல், காப்பி குடிக்காமல், தூக்கை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனீர்கள். பிள்ளைத்தாய்ச்சியைக் கண்ணில்லாமல் நிறுத்தி வைத்திருக்கும் இடத்துக்கு அவளை அனுப்ப மாட்டேன் என்கிறீர்கள். நியாயம்தான். நானும் தகப்பன்தான்.

ஆனால் அதற்கப்புறம் ஊரில் கிளம்பியிருக்கும் கதைகளை நம்பாதீர்கள். துணி தினமும் காலையில் ஈரமாக இருக்கிறது என்பது உண்மை. சாரல் காலத்தில் என் வேட்டியும்தான் காயவில்லை. துணியில் குளியல் எண்ணெய் வாசனை அடிக்கிறது என்பதும் உண்மைதான், யாராவது எண்ணெய்த் தலையோடு சாய்ந்திருக்கலாம். கூடத்தில் தண்ணீர் இரைகிறது என்பது மேல்நிலைத் தொட்டியின் சத்தமாக இருக்க வேண்டும். தொட்டியைக் கழுவக் காலி செய்து போட்டிருந்த அன்றும் கேட்டது. அதற்கு ஏதோ காரணம் இருக்கும்.

எங்கள் வாட்ச்மேன் இசக்கிமணி செய்த காரியம்தான் கொஞ்சம் அதிகப்படி. அவன் முன்னால் அருவியில் கூட்டத்தை ஒழுங்குபண்ணுகிற வேலையில் இருந்தவன். வெள்ளம் வந்தால் விசில் அடித்து ஜனங்களை வெளியேற்றுவான். நேற்று மத்தியானம் மழை இருட்டிக் கரண்டும் போய்விட்டது. கூடத்தில் இரைச்சல் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. பழக்கதோஷம், சுவரைப் பார்த்து விசிலை ஊதி, "தண்ணி கூடுது, எல்லாரும் வெளிய வாங்க, வெளிய வாங்க!" என்று கத்தியிருக்கிறான். நான் இறங்கிப் போய், "ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு? சுவத்தப் பாத்து விசில் அடிக்க?" என்று சத்தம் போட்டேன். தலையைச் சொறிந்தான். "சத்தம் கேட்டு அடிச்சிட்டேன் சார்" என்றான். "யாராவது வந்தாங்களாக்கும்?" என்று கேலியாகத்தான் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"ஒரு ஆளு மட்டும் வந்தாப்ல இருந்துச்சு சார்."

அப்போதிருந்து படியில் ஈரக் காலடி கிடக்கிறது. சின்னக் கால்கள். ஒவ்வொரு தளத்திலும் கொஞ்சம் நின்று, எந்த வீடு என்று பார்த்துவிட்டு ஏறியதுபோல் இருக்கிறது. எங்கள் வாசல் மிதியடி வரைக்கும் வந்து முடிந்துவிட்டது. வடிவம்மாள் அதைத் துடைத்துவிட்டு, நான் காலைக் கழுவிவிட்டு அப்படியே நடந்ததாக என்னைத் திட்டினாள். என் பாதம் தங்களுக்குத் தெரியாததல்ல, அது முறம் மாதிரி. இருந்தாலும் வீட்டு அமைதிக்காக நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

இவ்வளவுதான் சம்பந்தி விஷயம். இதில் பயப்பட என்ன இருக்கிறது? தங்கள் மனம் சமாதானமாக நானே ஒரு முடிவு எடுத்துவிட்டேன். ஆடியாவது ஆவணியாவது, சங்கம் என்னை நீக்கினாலும் சரி, நாளைக் காலையில் ஜெனியைக் கூட்டிவந்து சங்கரேஸ்வரிக்கு மட்டுமாவது கண்ணை எழுதச் சொல்லிவிடுகிறேன். ஜெனியும் சம்மதித்துவிட்டாள். எழுதி முடித்ததும் காரோடு வருகிறேன், பிள்ளையை அனுப்பி வையுங்கள். ராத்திரி யாராவது "எப்பா" என்று கூப்பிட்ட மாதிரி இருந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். எனக்கு என் மகள் வேண்டும். இதைவிடத் தெளிவாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

தங்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும் எங்கள் இருவரின் வணக்கங்கள். பிறக்கப்போகும் பேரனோ பேத்தியோ நீண்ட ஆயுளோடும், தங்கள் குடும்பத்துப் பிடிவாதம் கொஞ்சம் குறைவாகவும் பிறக்க, குற்றாலநாதர் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல் தட்டாத சம்பந்தி,
பால்வண்ணநாதன்.

பின்குறிப்பு: மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். சங்கரேஸ்வரி வந்துவிட்டாள்! உறையை ஒட்டப் போகும்போது காலிங்பெல் அடித்தது. திறந்தால் வாசலில் நிற்கிறாள். பெரிய மனது பண்ணி அனுப்பிவிட்டீர்கள், கோடி நமஸ்காரம். ஆனால் இந்த மழையில் பிள்ளைத்தாய்ச்சியைத் துணையில்லாமல், பையில்லாமல், செருப்புக்கூட இல்லாமலா பஸ் ஏற்றிவிடுவது? சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறாள். இன்னொன்றும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், ஒன்பதாம் மாதத்தில் வயிறே தெரியவில்லை, அங்கே பிள்ளைக்குச் சோறு போட்டீர்களா இல்லையா? மறுவீட்டுக்கு வந்த அதே பச்சைச் சேலை, அதே உடம்பு. வந்ததிலிருந்து கண்ணை மூடியே இருக்கிறாள். "கண்ணத் தெறந்து அப்பாவப் பாரு தாயி" என்றேன். "இன்னும் தெறக்கலயேப்பா" என்றாள். களைப்பு, பாவம். வடிவம்மாள் துவட்டத் துவட்டத் தலை காயவே இல்லை. இசக்கிமணி வேறு ஓடிவந்து, சுவரில் சங்கரேஸ்வரி பாப்பா நின்ற இடத்தில் வெறும் தண்ணீர்தான் விழுகிறது என்கிறான். தங்கள் பயம் தீரட்டும் என்று ஜெனியே அழித்துவிட்டாள் போலிருக்கிறது. அதுவும் நல்லதுக்குத்தான்.

மறுபடி பின்குறிப்பு: இப்போது என் போன் அடித்தது. தங்கள் வீட்டு நம்பர். சங்கரேஸ்வரிதான் பேசினாள். மூச்சு வாங்கப் பேசுகிறாள். "எப்பா, மாமா மனசு மாறிட்டாவ. காரெடுத்துட்டு எப்ப வாரிய?" என்று கேட்கிறாள். உள்ளே தலை துவட்டிக்கொண்டிருக்கிறவள், "போன்ல யாருப்பா?" என்று கேட்கிறாள். சம்பந்தி, கையெடுத்துக் கும்பிடுகிறேன், என் மகளை இங்கே அனுப்பாதீர்கள்.