தரைபார்த்தாரின் முதுகுக் கண்காட்சி

மனுஷ முகத்தைக் கண்டு பயந்த சிற்பி இந்த உலகத்தில் ஒரே ஒருத்தர்தான் பிறந்தார். அவரும் நேராக எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். ஜொகூர்க் காட்டில் அப்போது புலி இருந்தது, குளிர்காய்ச்சல் இருந்தது, போதாததற்கு எங்கள் துரை வேறு இருந்தார். இதற்கெல்லாம் அசராத மனுஷர், யாராவது எதிரே வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டால் தன் கால் பெருவிரலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

கப்பல் ஏறும்போது அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். கூலி வீடுகள் வரிசையாக நின்ற லயத்து ஜனங்கள் முதல் வாரத்திலேயே ‘தரைபார்த்தார்’ என்று வைத்துவிட்டார்கள். அதற்குமேல் நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கூலாய்க்கும் செனாய்க்கும் நடுவே ரப்பர் மரம் தவிர வேறொன்றும் கண்ணில் படாத காலம் அது. அங்கே ஒரு தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணி நான். நாலு எழுத்து எழுதத் தெரிந்த குற்றத்துக்காக மாரியம்மன் கோயில் கமிட்டிக்கும் என்னையே காரியதரிசி ஆக்கியிருந்தார்கள். தலைவர் பெரிய கங்காணி. உடம்பும் பெரிது, குரலும் பெரிது. அவர் லயத்தில் தும்மினால் ஸ்டோரில் ஆசிட் ஊற்றாமலே ரப்பர் பால் உறைந்துவிடும் என்பார்கள்.

கோயில் முகப்பில் சுண்ணாம்புச் சுதையில் ஆளுயர அம்மன் ஒன்று வைக்கக் கமிட்டி ஆசைப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்து ஒரு மூத்த ஸ்தபதியும் அவருடைய கையாளும் புறப்பட்டார்கள். மூத்தவருக்குக் கப்பலிலேயே உடம்பு முடியாமல் போய், பினாங்கில் இறங்கி அடுத்த கப்பலில் ஊருக்கே திரும்பிவிட்டார். கரண்டி, உளி, சாந்துப் பலகை எல்லாம் கட்டிய கோணிமூட்டையோடு கூலாய் ஸ்டேஷனில் வந்து இறங்கியது கையாள் மட்டும்தான். நாங்கள் மூட்டையைப் பார்த்தோம், இவர்தான் ஸ்தபதி என்று மாலை போட்டோம். இல்லையென்று சொல்வதற்கு அவர் எங்கள் முகத்தைப் பார்த்தாக வேண்டுமே. மாலையோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலையில் மட்டும் சும்மா சொல்லக்கூடாது. அம்மனின் பாதம் முடிந்த அன்றே பெண்கள் வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். விரலில் மெட்டி இறுக்கிய தடம்கூடத் தெரிந்தது. புடவை மடிப்பு, இடுப்பு, வளையல், கழுத்தில் காசுமாலை என்று மளமளவென்று மேலே ஏறினார். கழுத்துக்கு மேலே போனதும் வேலை நின்றது. தலை இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு சுண்ணாம்பு உருண்டை. அதற்கு மஞ்சள் துணி ஒன்றைச் சுற்றிக் கட்டிவிட்டு மனுஷர் கீழே இறங்கிவிட்டார்.

வாரா வாரம் போய் அரித்தேன். “ஸ்தபதியாரே, முகம்?” என்பேன். “வைக்கணுங்க ஐயா” என்று என் கால் சப்பாத்தைப் பார்த்துச் சொல்வார். ஒரு தரம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். “ஐயாவுக்கு எடது காலுல தையல் விட்டுப்போச்சுங்களே” என்றார். உண்மைதான், விட்டுப்போயிருந்தது. தோட்டத்தில் ஒவ்வொருத்தரையும் பாதத்தை வைத்தும் நடையை வைத்தும்தான் அவருக்குத் தெரியும். பெரிய கங்காணி புதுச் செருப்பு வாங்கிய அன்று, இவர் ஆள் யாரென்று தெரியாமல் கும்பிடாமலே ஒதுங்கிப் போய்விட்டார். கங்காணிக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

முகம் வைக்காத நேரத்தில் மனுஷர் என்ன செய்தார் என்றால், விடிந்ததும் கடைக்காரர் பொட்டலம் மடிக்கிற காகிதத்தையும் அடுப்புக்கரியையும் எடுத்துக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்குப் பின்னாலேயே போனார். அவர்கள் மரத்தைப் பார்த்து நின்று வெட்டுவார்கள். இவர் நாலு மரம் தள்ளிக் குந்தி உட்கார்ந்து ஏதோ கிறுக்குவார். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊரே தீர்மானித்தது.

மழைக்காலத்து ஈரத்தில் கரிக்கோடு கலைய ஆரம்பித்ததும் வேறொரு யோசனையோடு என்னிடம் வந்தார். கழித்துப் போட்ட ரப்பர் ஷீட் வேண்டும், ஸ்டோர் மெஷின் சும்மா இருக்கும் மத்தியானங்களில் அதுவும் வேண்டும் என்றார். ஷீட்டில் கத்தியால் படத்தைக் கீறி, விளக்குப் புகையை எண்ணெயில் குழைத்துத் தடவி, மேலே காகிதத்தை வைத்து ரப்பர் இழுக்கிற உருளைக்குள் கொடுத்தார். மறுபக்கம் அச்சடித்த படம் வந்தது. எனக்கு வேடிக்கையாக இருந்ததால் சரியென்று விட்டேன். ஆனால் ஸ்டோர்க்காரனுக்கு ஷீட் என்றால் முதலில் வழவழ உருளையில் போக வேண்டும், கடைசியில் வரி வெட்டிய உருளையில் போக வேண்டும். கை பழகிய தோஷம், ஒரு கட்டுப் படத்தை அவனாகவே வரி உருளையிலும் கொடுத்து எடுத்து, வரிவரியாக அடுக்கி வைத்துவிட்டான். தரைபார்த்தார் அதைப் பார்த்துவிட்டு, “இதுவும் நல்லாத்தான் இருக்கு” என்று தரையிடம் சொன்னார்.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. சித்திரைத் திருவிழா நெருங்கியபோது பெரிய கங்காணி கமிட்டியைக் கூட்டினார். திருவிழாவுக்குள் அம்மனுக்கு முகம் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆளைக் கப்பல் ஏற்றிவிட்டு வேறு ஸ்தபதிக்குச் சொல்லி அனுப்புவது என்று முடிவு செய்தார். பூசாரியும் அவர் பக்கம். துணி மூட்டைக்குச் சூடம் காட்டிக் காட்டி அவருக்கு அலுத்துவிட்டது.

அதைச் சொல்ல அவருடைய கொட்டகைக்குப் போனேன். ஆள் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். மூலையில் முழங்கால் உயரத்துக்குக் காகிதக் கட்டு. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முதுகு. அடுத்ததும் முதுகு. புரட்டப் புரட்ட எல்லாம் முதுகு. வாளி தூக்கிய முதுகு, குனிந்த முதுகு, பிள்ளையைத் தூளியில் கட்டிச் சுமந்த முதுகு. ஒரு காது, ஒரு கன்னம் இருக்க வேண்டுமே!

“முகம் எங்கே ஸ்தபதியாரே?”

“எனக்கு மொகம் வைக்கத் தெரியாதுங்க ஐயா.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர்கள் தொழிலில் கண்ணும் முகமும் மூத்தவர் வைப்பது. கையாட்கள் பாதமும் துணியும் நகையும் செய்யலாம், கழுத்தோடு இறங்கிவிட வேண்டும். இவர் பிறந்தது முதல் ஒரு முகம்கூட வைத்ததில்லை. பாதியில் விட்டு ஊர் திரும்பினால், அம்மனை முண்டமாக நிறுத்திவிட்டு வந்தவன் என்று பெயராகிவிடும். பிறகு சாகும்வரை சாந்து சுமப்பதுதான், கரண்டியைக் கையில் தரமாட்டார்கள்.

தோட்டத்தில் முகத்துக்கா பஞ்சம், பார்த்துப் பழகியிருக்கலாமே என்றேன்.

“மொகத்தப் பாத்தா அது என்னமோ கேக்குதுங்க ஐயா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. முதுகு ஒண்ணும் கேக்காது.”

அதுவரை இருந்த கோபம் எனக்கு எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. இந்த ஆளை எப்படியாவது கப்பல் ஏறாமல் காப்பாற்றிவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. இந்தப் படங்களை எல்லாரும் பார்க்கும்படி மாட்டினால், சும்மா இருக்கவில்லை, உழைத்திருக்கிறார் என்று கமிட்டிக்குப் புரியும் என்றேன். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அத்தனை பேர் வருவார்களே என்றார். “வர்றவங்க படத்தைத்தான் பார்ப்பாங்க. உங்களை ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க” என்றேன். கையிலிருந்த சாந்து இறுகுகிறவரை யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரப்பர் ஷீட்டைப் புகை போடுகிற கொட்டகையைக் காலி செய்தோம். ஷீட் தொங்குகிற அதே மூங்கில்களில் காகிதங்களைத் தொங்கவிட்டோம். சோற்றை ஆக்கி வைத்துவிட்டு லயமே திரண்டு வந்தது. ஓவியக் கண்காட்சி என்றால் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது. அதனால் குளித்து, விபூதி பூசி, தேங்காய் பழத்தோடு வந்தார்கள்.

உள்ளே வந்து பார்த்தால் ஒரு சங்கடம். அடுத்தவர் முதுகு எல்லாருக்கும் தெரிகிறது, தன் முதுகு தனக்குத் தெரியவில்லை. “இது நீதான்”, “நான் இப்படியா இருக்கேன்”, “ஐயோ அலமாக், உன்னை விட்டா வேற யாரு” என்று ஒரே அமளி. பெரிய கங்காணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக மேற்பார்வை பார்த்து வந்தார். ஒரு படத்தின் எதிரே நின்று, யார் இந்தக் கூனல் சோம்பேறி, நாளைக்கு இவனுக்கு வேலை கொடுக்காதே என்று என்னிடம் உத்தரவு போட்டார். பக்கத்திலிருந்த அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: “அது நீங்கதாங்க. கட்டிக்கிட்ட நாள்லேருந்து அதைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்.” கங்காணி அதற்குப்பின் அன்று முழுக்க நிமிர்ந்தே நடந்தார்.

துரையும் எட்டிப் பார்த்தார். அவர் போய் நின்ற இடத்தில்தான் அந்த வரி உருளைக் கட்டு தொங்கியது. பத்துப் பன்னிரண்டு கூலிகளின் முதுகு, ஒவ்வொன்றிலும் விளாறு விளாறாகக் கோடு. துரையின் முகம் வெளுத்தது.

“யார் அடிச்சது?” என்றார் தன் தமிழில்.

“மெஷின் அடிச்சது துரை” என்றேன். அதைவிடப் பெரிய உண்மையை என் உத்தியோகத்தில் நான் சொன்னதில்லை. துரை வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டுப் போனார். அந்த வாரம் யாரையும் அவர் திட்டவில்லை என்று ஸ்டோர்க்காரன் சொன்னான். நான் நம்பவில்லை.

இத்தனைக்கும் நடுவே தரைபார்த்தாரைத் தேடினேன். மூலையில், கட்டி வைத்த ஷீட் பொதிகளுக்குப் பின்னால் நின்றிருந்தார். தலை நிமிர்ந்திருந்தது. எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அத்தனை ஜனமும் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அத்தனை ஜனத்தின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கிற முகம், வெட்கப்படுகிற முகம், கங்காணி மனைவியின் முகம் என்று ஒவ்வொன்றாக. ஒரு முகமும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவற்றுக்கு அவர் ஞாபகமே இல்லை.

கடைசியாக அஞ்சலை வந்தாள். அவள் புருஷன் இருசன் பால் வாளிகளைக் காண்டாக்கம்பில் தோளுக்கு இரண்டு பக்கமும் தொங்கவிட்டுச் சுமந்தவன். போன அடைமழையில் காய்ச்சலில் போய்விட்டான். போட்டோ எடுக்கிற வசதியெல்லாம் லயத்தில் யாருக்கு இருந்தது? அவன் போனதோடு அவன் உருவமும் போய்விட்டது. அஞ்சலை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து ஓர் அச்சுப் படத்தின் முன் நின்றாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. வலது தோளில் கம்பு அழுத்திக் காய்த்துப்போன மேடு, அதில் அப்படியே இருந்தது.

அவள் அழுவாள் என்று பெண்கள் நெருங்கிப் போனார்கள். அழவில்லை. கையை நீட்டி அந்த மேட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“இந்த எடத்துலதான் எண்ணெ தேச்சு விடுவேன்” என்றாள். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள், இதோ இப்போது திரும்பிவிடுவான் என்பதுபோல.

தரைபார்த்தார் பொதிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் நன்றாகப் பார்த்தார். பிறகு மூங்கிலிலிருந்து அந்தப் படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, விடுவிடுவென்று கோயிலை நோக்கிப் போனார். அவருக்கு மாலை போட வந்தவர்களைக்கூடக் கவனிக்கவில்லை. சாந்தைக் குழைத்துக்கொண்டு சாரத்தில் ஏறி, சுற்றிலும் படுதாவை இழுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் படுதாவை அவிழ்த்தார். திட்டுவதற்குத் தயாராக வந்த பெரிய கங்காணி நிமிர்ந்து பார்த்தார். மூக்கிலும் உதட்டிலும் தோட்டத்தில் யாருடைய சாயலும் இல்லை. ஆனால் அந்தக் கண்! போனவன் ஒருத்தன் இதோ திரும்பப்போகிறான் என்று நம்பிக் காத்திருக்கிற கண். எந்தப் பக்கம் நின்றாலும் தன்னைத்தான் எதிர்பார்க்கிறாள் என்று ஒவ்வொருத்தரும் சொன்னார்கள். பெரிய கங்காணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்து கும்பிட்டார். அஞ்சலை மட்டும் கும்பிடவில்லை. ஏதோ தெரிந்தவளைப் பார்த்ததுபோல லேசாகத் தலையசைத்துவிட்டுப் போனாள்.

திருவிழா அமர்க்களமாக முடிந்தது. வேலையும் முடிந்தது என்று ஆகிவிட்டது. முகம் வைத்த ஸ்தபதிக்குக் குளுவாங் பக்கத்துக் கோயிலிலிருந்தும் சிம்பாங் ரெங்கத்திலிருந்தும் ஆள் வந்தது. எங்கள் ஊரில் அவருக்கு இனி என்ன வேலை? கோணிமூட்டையோடு அவரைக் கூலாய் ஸ்டேஷனுக்கு நானே கூட்டிப் போனேன்.

ரயில் வந்து நின்றதும் திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இத்தனை நாள் அவரை அதட்டின எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

“கிராணி ஐயாவுக்கு மீசை இருக்கா!” என்றார்.

பதினெட்டு வயதிலிருந்து இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கோணிமூட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஏறி உட்கார்ந்தார், ரயில் போய்விட்டது. முகம் வை, முகம் வை என்று அந்த மனுஷர் உயிரை வாங்கியவன் நான்தான். வெறும் பிளாட்பாரத்தில் நின்றபோது, பாவி மனுஷன், இன்னும் ஒரு திருவிழா வரைக்கும் வைக்காமல் இழுத்திருக்கக் கூடாதா என்றிருந்தது.